எங்கள் நகருக்குச் சுடுகாடு இல்லை

வீடு எங்கே என்று யாராவது கேட்டால் செஞ்சி என்று சொல்லிவிடுவோம். அது பாதிதான் உண்மை. திருவண்ணாமலை சாலையில் டவுன் முடிகிற இடத்தில் ஒரு சிறிய பாலம் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடைக்கு மேலே கட்டியது. டவுனின் தெருவிளக்குகள் அந்தப் பாலத்தோடு நின்றுவிடும். குப்பை வண்டியும் அங்கேயே திரும்பிவிடும். பாலத்தைத் தாண்டி மண்சாலையில் இறங்கினால் எங்கள் நகர். அதற்கும் அப்பால், வயல்களைக் கடந்தால், ஒரு கிராமம். கணக்குப்படி நாங்கள் அந்தக் கிராம ஊராட்சியைச் சேர்ந்தவர்கள். எங்களுக்கு ஓட்டும் ரேஷனும் அங்கே. கரண்டு டவுனிலிருந்து வருகிறது. தபாலும் அப்படித்தான். பிள்ளைகள் படிப்பதும் நாங்கள் பிழைப்பதும் டவுனில்.

ஒரு காலத்தில் அந்த இடமெல்லாம் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலை விளைந்த நிலத்தில் கல் நட்டு, மனை பிரித்து, நுழைவில் ஒரு சிமெண்ட் வளைவு கட்டி விற்றார்கள். நாங்கள் மனை வாங்கி வீடு கட்டியபோது சுற்றிலும் நாலைந்து வீடுகள்தான் இருந்தன. மொட்டை மாடியில் நின்றால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். இப்போது தெருக்கள் நிறைந்துவிட்டன. மலையின் உச்சி மட்டும்தான் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே தெரிகிறது.

அங்கே குடிவந்த யாரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள் இல்லை. நான் அனந்தபுரத்துக்காரி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். வாத்தியார்கள், ஒரு போலீஸ்காரர், பேக்கரி வைத்திருப்பவர், நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள், வீட்டில் முதல் ஆளாகப் படித்து அரசாங்க வேலைக்குப் போனவர்கள் என்று எல்லாரும் கலந்துதான் இருந்தோம். யார் என்ன ஆள் என்று யாரும் கேட்டதில்லை. பொங்கலுக்குப் பொதுவில் ஒரே பானை. சங்கத் தலைவர் ஒலிபெருக்கியில் அதைப் பெருமையாகச் சொல்வார். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். நல்ல மனிதர். இதை இப்போதும் மாற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் எதிர்வீட்டில் நர்சம்மாவும் அவருடைய கணவரும் இருந்தார்கள். நர்சம்மா அரசு சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். நாங்கள் அவரை டிரைவர் அண்ணன் என்போம். ஒரே மகள், பெங்களூரில் வேலை. நர்சம்மாவுக்கு ஓய்வு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். நகரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த வீட்டு கேட்தான் முதலில் திறக்கும். என் மாமியாருக்குச் சர்க்கரை. தினமும் காலையில் தெருவைத் தாண்டி வந்து ஊசி போட்டுவிட்டுப் போவது அவர்தான். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் அவர் கை படாமல் பிறந்த பிள்ளைகள் குறைவு என்பார்கள். வயல்வேலைக்குப் போகும் பெண்கள்கூட எங்கள் தெரு வழியாகப் போகும்போது நின்று, “நர்சம்மா, நல்லாக்கீறியா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் இறந்தது ஐப்பசி மழையில், ஒரு காலை நேரத்தில்.

முந்தின நாளிலிருந்தே மழை விடவில்லை. வேன் ஓடவில்லை, பள்ளிக்கூடம் லீவு. நான் அடுப்படியில் இருந்தேன். டிரைவர் அண்ணன் தெருவில் நின்று என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஓடினோம். நர்சம்மா நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். முகத்தில் ஒரு கோணலும் இல்லை. பக்கத்தில் பாதி உரித்த பூண்டு. என் வீட்டுக்காரர் வேனை எடுக்க ஓடினார். நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி பார்க்கத் தெரியாது. ஆனாலும் தெரிந்துவிட்டது.

“இப்பதாம்மா, டீ வேணுமான்னு கேட்டா. நான் வேணான்னேன்” என்றார் அண்ணன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்துவிட்டார்கள். சங்கத் தலைவர் குடை பிடித்துக்கொண்டு வந்து, வாசலில் பந்தல் கட்டச் சொல்லி, சங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரவழைத்தார். பேக்கரிக்காரர் பால் கொண்டுவந்தார். பெண்கள் உள்ளே உட்கார்ந்து அழுதோம். மகளுக்குப் போன் போனது. கிளம்பிவிட்டேன், மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்றாள். அதுவரை எல்லாம் ஒரு நல்ல ஊரில் நடப்பதுபோலத்தான் நடந்தது.

ஐஸ் பெட்டி வந்தது. ஆனால் கரண்டு இல்லை. எங்கோ மரம் சாய்ந்து கம்பி அறுந்திருந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் யாரோ கேட்டார்கள்: “எங்க எடுக்கறது?”

எங்கள் நகருக்கென்று சுடுகாடு கிடையாது. இத்தனை வருஷத்தில் எங்கள் நகரில் சாவே நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. எல்லாரையும் அவரவர் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சொந்த ஊர் இல்லாத சாவு இதுதான் முதல். நர்சம்மாவுக்குப் பிறந்த வீட்டோடு போக்குவரத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். காரணம் தெரியாது. அண்ணனுக்கும் ஊரில் யாரும் இல்லை. டவுனுக்கே கொண்டுபோகலாம் என்றார் போலீஸ்காரர். போன் செய்து கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆறு பொங்கிக் கரைமேலே வந்துவிட்டது, அந்தப் பக்கம் சுடுகாட்டுக்குப் போகிற வழியே தண்ணீருக்குள் இருக்கிறது என்றார்.

“நம்ம ஊராட்சி இருக்குதே. நான் போய்ப் பெரியவங்ககிட்டப் பேசிட்டு வர்றேன்” என்று தலைவர் கிளம்பினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

போனவர் சீக்கிரமே வந்துவிட்டார். பந்தலுக்குள் வராமல் கேட் பக்கமே நின்று என் வீட்டுக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் ஜன்னலோரம் இருந்ததால் எனக்குக் காதில் விழுந்தது.

“இவங்க இன்னா ஆளுங்க? உனக்குத் தெரியுமா?”

“எதுக்கு சார்?”

“ஊர்ல கேக்குறாங்கப்பா. அங்க ரெண்டு இருக்குது. ஊர்ச் சுடுகாடு ஒண்ணு, காலனிச் சுடுகாடு ஒண்ணு. எதுன்னு கேக்குறாங்க. நான் இன்னான்னு சொல்றது?”

என் வீட்டுக்காரர் விழித்தார். தெரியாது என்றார். அது பொய்யில்லை.

டிரைவர் அண்ணன் பந்தலில் உட்கார்ந்திருந்தார். இருவரும் தயங்கித் தயங்கிப் பேசுவதை அவர் பார்த்திருக்க வேண்டும். எழுந்து வந்தார். யாரையும் கேட்க விடவில்லை. “நான் காலனி சார். தொண்டூர் பக்கம். அவ ஊர்ப் பொண்ணு, பெரிய குடித்தனம். நான் ஓட்டுன பஸ்ல டூட்டிக்குப் போவா. நாங்களா கட்டிக்கினோம். அவங்க வூட்ல அன்னிக்கே தல முழுவிட்டாங்க” என்றார். முகவரி சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்த் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் தலையாட்டினார். “அதனால இன்னாங்க, நமக்குள்ள அதெல்லாம் ஏது” என்றார். சொல்லிவிட்டு, போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார்.

நான் உள்ளே திரும்பி நர்சம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். அண்ணனும் போலீஸ்காரரும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தது போக மற்ற நாற்காலிகள் காலியாக இருந்தன. வரிசை குலையாமல், பந்தலில் சொட்டிய தண்ணீர் உட்காரும் இடத்தில் தேங்கி, சும்மா இருந்தன. யாரும் சண்டை போடவில்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. மாடு அவிழ்க்கணும், மாத்திரை போடணும், துணி எடுக்கணும் என்று ஒவ்வொருவராக எழுந்து போயிருக்கிறார்கள். உள்ளே என்னோடு அழுதுகொண்டிருந்த பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். அதில் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தபோது ஆட்டோவில் கூடவே போனவர் நர்சம்மா. அவள் என் கையைத் தொட்டு, “வந்துர்றேங்க்கா” என்றாள். வரவில்லை.

எனக்கு அழுகைகூட வரவில்லை. இத்தனை வருஷம் நான் எங்கே குடியிருந்தேன் என்று இருந்தது.

மகள் மதியம் தாண்டி வந்தாள். பாலத்தருகே கார் நின்றுவிட்டதால் முழங்கால் வரை சேற்றோடு நடந்து வந்தாள். அம்மாவின் மேல் விழுந்து அழுது எழுந்தபோதுதான் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். “எல்லாரும் எங்க நைனா?” என்று அப்பாவைக் கேட்டாள். நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவள் முகம் மட்டும் ஞாபகமிருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். அவளுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஆனால் இங்கே, இந்த வாசலில், இன்றைக்கு என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அப்போது கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் மொபெட்டில் வந்தார். வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் ஏறாமல் வாசலிலிருந்தே நர்சம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அழுதார். நடிப்பு இல்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“இந்தம்மா இல்லன்னா எம் பேரன் இன்னிக்கு இல்ல. கொடி சுத்திக்கினு நீலமாப் பொறந்தான். வாயில வாய வெச்சி ஊதிப் பொழைக்க வெச்சாங்க” என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பாமல், மகளைப் பார்த்துப் பேசினார்.

“தலைவர் போன்ல எல்லாம் சொன்னாரு, நாங்க பேசிட்டோம்மா. அம்மா எங்க ஊட்டுப் பொண்ணு மாதிரி. ஊர்ச் சுடுகாட்டுல கொட்டா போட்டிருக்குது, மழைல நனையாது. எங்க பசங்களே தூக்கிக்கினு போவாங்க. மேளம், பூ எல்லாம் நாங்க பாத்துக்கறோம். கௌரவமா செஞ்சிடலாம். ஒண்ணே ஒண்ணுதான்.” நிறுத்தினார். “டிரைவர் இங்கயே இருக்கட்டும். கொள்ளி நம்ம பங்காளி ஊட்டுப் பையன் ஒருத்தன் வெப்பான்.”

இதைச் சொல்லும்போதும் அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதுதான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது. ஒரு கெட்டவர் வந்து கத்தியிருந்தால் பரவாயில்லை. இவர் நன்றியோடு வந்திருந்தார். தன்னால் முடிந்த பெரிய உதவியைச் செய்ய வந்திருந்தார்.

மகள் கேட்டாள்: “நான் வரலாமா?”

“பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்ற பழக்கம் இல்லயேம்மா.”

“பழக்கத்த உடுங்க. எங்கம்மா உங்க ஆளு. எங்க நைனா அவங்க ஆளு. நான் யாரு ஆளு?”

பெரியவர் மழையைப் பார்த்தார், மொபெட்டைப் பார்த்தார்.

டிரைவர் அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஐயா, நீங்க வந்ததே பெரிசு. அவ இருந்திருந்தா உங்கள உள்ள உக்கார வெச்சி காப்பி குடுத்திருப்பா. ஆனா என்ன உட்டுட்டு அவ எங்கயும் போனதில்ல. நாங்க வேற பாத்துக்கறோம்” என்றார்.

பெரியவர் இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டுப் போனார்.

வேறு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தலில் அப்போது இருந்தது அண்ணன், மகள், நாங்கள் இருவர், போலீஸ்காரர். அவ்வளவுதான். கரண்டு வரவில்லை. ஐஸ் பெட்டி வெறும் பெட்டியாகக் கிடந்தது.

வயல் வரப்பில் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் சிலர் வந்தார்கள். காலனிப் பெண்கள். சேதி அவர்களுக்கும் போயிருக்கிறது. முன்னால் வந்தவளை எனக்குத் தெரியும். தினமும் எங்கள் தெருவழியே வேலைக்குப் போகிறவள், ஜாக்கெட் தைக்க என் கடைக்கு வருவாள். நேராக உள்ளே வந்து, நர்சம்மாவின் கால்களைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அந்த வீட்டில் அன்று எழுந்த முதல் ஒப்பாரி அதுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க எடத்துக்குக் கொண்டாங்க” என்றாள்.

அவர்களோடு வந்திருந்த ஒரு வயசானவர் தயங்கினார். “ஊர்ப் பொண்ணாச்சேம்மா. நாம எரிச்சோம்னு நாளைக்கு அவங்க பிரச்சன பண்ணாங்கன்னா? நாமதான அங்க பொழைக்கணும்?”

“பிரச்சன வந்தா அப்ப பாத்துக்கலாம் மாமா. பொணத்த நனைய வெச்சிக்கினா பேசுவாங்க?”

கொடுக்க மாட்டேன் என்பவர்களைப் பார்த்தாயிற்று. இவர், கொடுக்கப் பயப்படுகிறவர்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். எதையும் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்வார் அவர். வேனுக்கு ஹாரன் மாற்றுவதற்குக்கூட என்னைக் கேட்பார். அன்று யாரையும் பார்க்காமல், “ஸ்பேனர எங்க வெச்ச? சீட்ட கழட்டணும்” என்றார்.

“வேன்லயா?” என்றேன். பிள்ளைகள் போகிற வண்டி. எந்த அம்மா அப்பா ஒப்புக்கொள்வார்கள்?

“வேற எதுல?” என்றார்.

மஞ்சள் வேனில் நர்சம்மாவை ஏற்றினோம். மகள் ஏறினாள். நானும் ஏறினேன். வாசலில் நின்றிருந்த என் மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. வேன் கிளம்பியபோது தெருவில் வீட்டுக்கு வீடு ஜன்னல் திறந்திருந்தது. முகங்கள் தெரிந்தன. தலைவர் தன் மாடியில் நின்று கைகூப்பினார்.

காலனிக்குப் போகும் பாதை எங்களில் யாருக்கும் தெரியாது. ஓட்டுப் போட, ரேஷன் வாங்க என்று எத்தனையோ முறை அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கிறேன். காலனி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டதில்லை. வழிகாட்ட வேண்டிய பெண்கள் குறுக்கே வயலில் இறங்கி முன்னால் ஓடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, எந்தப் பக்கம் என்று கேட்டார்.

முன்சீட்டிலிருந்த டிரைவர் அண்ணன் சாலையோரம் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். “தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் போப்பா. எல்லா ஊர்லயும் காலனி பள்ளத்துலதான் இருக்கும்” என்றார்.

அப்படியேதான் இருந்தது. வேன் ஒரு கட்டத்துக்கு மேல் போகவில்லை. அங்கிருந்து தூக்கிக்கொண்டு போனோம். கொட்டகை இல்லை, பாதை இல்லை, ஏரிக்கால்வாய் ஓரம் ஒரு துண்டு நிலம். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது. போலீஸ்காரர் காக்கிப் பேண்ட்டோடு இறங்கித் தோள் கொடுத்தார். நானும் மகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தோம். என் வாழ்க்கையில் அதற்கு முன் சுடுகாட்டை நான் பார்த்ததில்லை. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயப்பட நேரமில்லை.

மேடாக இருந்த ஓரிடத்தில் விறகு அடுக்கியிருந்தார்கள். எல்லாம் காய்ந்த விறகு. இந்த மழையில் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். வீட்டுக்கு வீடு அடுப்படியில் வைத்திருந்ததை எடுத்து வந்திருக்கிறார்கள். எருமுட்டையைச் சேலைக்குள் மூடிக் கொண்டுவந்திருந்தார்கள். சிதைக்கு மேலே மழை விழாமலிருக்க, குளியலறைத் தடுப்புக்கு வைத்திருந்த தகரங்களைப் பிரித்து வந்து இருபுறமும் ஆள் நின்று பிடித்தார்கள். பிரச்சனை வருமே என்று சொன்ன வயசானவர்தான் ஒரு மூலைத் தகரத்தைப் பிடித்திருந்தார். கடைசிவரை விடவில்லை.

“யார் வெக்கறது?” என்று கேட்டார்கள்.

“நான்” என்றாள் மகள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து வைத்தார்கள். பிடித்துக்கொள்ள நேரமானது. பிடித்தபின் நன்றாக எரிந்தது. தகரம் சூடேறியதும் பிடித்திருந்தவர்கள் ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டோம். வீட்டு வாசலில் என் மாமியார் வெந்நீர் வைத்திருந்தார். “தலைக்கு ஊத்திக்க” என்றார். ஊற்றிக்கொண்டு வந்தேன். சாப்பாடு போட்டார். அவர் போட்டு நான் சாப்பிட்டது கல்யாணமான புதிதில்தான். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

“அவங்க இன்னார்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது அத்த.”

“எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஊசி போட உட்டிருக்க மாட்டேன்னு நெனைக்கிறியா?”

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “எனக்கே தெரியலடி” என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அன்று நான் கேட்டதிலேயே என்னை அதிகம் உலுக்கியது அதுதான். மற்றவர்கள் எல்லாம் தெரிந்ததுபோல் நடந்துகொண்டார்கள்.

மழை விட்டுப் பள்ளிக்கூடம் திறந்த அன்று வேனில் பாதிப் பிள்ளைகள்தான் ஏறினார்கள். டவுன் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். ஏறாதவர்கள் எங்கள் நகர்ப் பிள்ளைகள். ஒரு அம்மா ஸ்கூட்டியில் மகனை ஏற்றியபடி, “வண்டிய கழுவுனீங்களாண்ணே?” என்று கேட்டிருக்கிறாள்.

“மூணு தரம் கழுவுனேம்மா. பினாயில் போட்டு.”

“இல்லண்ணே, இவன் பயப்படுறான். அதான்.”

அந்தப் பையன், “நான் எங்கம்மா பயந்தேன்?” என்று கேட்டானாம். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டுச் சாப்பிடாமல் கை கழுவினார். பெட்ரோல் விற்கிற விலையில் ஸ்கூட்டி ரொம்ப நாள் ஓடவில்லை. ஒவ்வொருவராகப் பிள்ளைகள் திரும்ப ஏறினார்கள். அம்மாக்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் நாளானது.

காரியம் முடிந்து மகள் பெங்களூருக்குக் கூப்பிட்டாள். அண்ணன் போகவில்லை. “என் வூடும்மா இது. நான் ஏன் போவணும்?” என்றார்.

பிறகு எங்கள் பகுதியை டவுனோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அளந்து பார்க்க ஒரு சர்வேயர் வந்தார். நகர்ப் பொது இடத்தில் எல்லாரையும் கூட்டி, என்னென்ன தேவை என்று கேட்டார். சாலை, விளக்கு, வாய்க்கால் என்று சொல்லிக்கொண்டே வந்தோம். போலீஸ்காரர் எழுந்து, சுடுகாட்டுக்கு இடம் வேண்டும் என்றார். சர்வேயர் தலை நிமிராமல் கேட்டார்:

“ஒண்ணா, ரெண்டா?”

டீ எத்தனை என்று கேட்பதுபோலக் கேட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் போகிற இடமெல்லாம் இப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது.

தலைவர் மெதுவாக, “ரெண்டுன்னா பின்னாடி சங்கடம் வராது சார்” என்றார். சிலர் தலையாட்டினார்கள். ஒரே பானையில் பொங்கல் வைக்கிற அதே இடத்தில் நின்று தலையாட்டினார்கள்.

டிரைவர் அண்ணன் பின்வரிசையில் இருந்தார். உட்கார்ந்தபடியே கேட்டார்: “சார், ஒரு சந்தேகம். எம் பொண்டாட்டிய எந்தப் பக்கம் போடுவீங்க?”

சர்வேயர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். யார் இவர் என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். “ஒண்ணு போதும் சார்” என்றார் போலீஸ்காரர். “ஒண்ணுதான்” என்று நானும் சொன்னேன். கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை, குரல் கிறீச்சிட்டது. சத்தம் கூடியது. பேக்கரிக்காரர், பேசாமலே இருக்கிறவர், ஒண்ணு என்று கையைத் தூக்கினார். நர்சம்மாவோடு பிரசவத்துக்கு ஆட்டோவில் போனவள் கணவனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள். கடைசியில் சர்வேயர் ஒன்று என்றே குறித்துக்கொண்டு போனார். மலையடிவாரப் பக்கம் ஒரு கல்மேட்டைக் காட்டியிருக்கிறார்கள். இன்னும் கைக்கு வரவில்லை. தலைவர் எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

போன மாசம் எங்கள் பக்கத்து மனையில் கட்டிய வீட்டுக்குப் புதிதாக ஒரு தம்பதி குடிவந்தார்கள். கைக்குழந்தை இருக்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். பால் காய்ச்சுகிற அன்று, தலைவர் வழக்கம்போல வாழைப்பழச் சீப்போடு வந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

“வேலூர்ல எந்த ஊரு?” என்று கேட்டார். அந்தப் பையன் ஊர்ப் பெயரைச் சொன்னான்.

“அங்க எந்தத் தெரு?”

பையன் பதில் சொல்லவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பிடித்து எக்கிக்கொண்டு, “ஏம்மா, பால் பொங்கிடுச்சா?” என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் ஓடிவந்தாள். “பொங்கிடுச்சுக்கா, வாங்க, நீங்க வராம எப்பிடி?” என்றாள்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டைப் பார்த்து டிரைவர் அண்ணனையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன்.